ஆறு, ஐந்து, நான்கு: ஒகஸ்டாவில் அதிகம் வென்றவர்கள் எந்தப் பக்கம் தவறவிட்டார்கள்?

1986 ஏப்ரல் 13, ஞாயிறு பின்னேரம். கொழும்பில் அப்போது சித்திரைப் புத்தாண்டு விடிவதற்குச் சில மணி நேரமே இருந்தது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், ஒகஸ்டா நெஷனல் கோல்ஃப் திடலின் 15ஆம் குழியில் ஜக் நிக்லஸ் 4ஆம் இலக்க அயனை (இரும்புத் தலைக் கோலை) எடுத்தார். கொடிக்குத் தூரம் ஏறத்தாழ 200 யார். பந்து குளத்தைத் தாண்டி, கொடி நிற்கும் ஒட்ட வெட்டிய புல்தரையான கிறீனில் விழுந்து, கொடியிலிருந்து 12 அடியில் நின்றது. அந்தப் பட்டையும், அதாவது கிறீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் தட்டலையும், போட்டார்: ஈகிள், அதாவது அந்தக் குழிக்கு வகுத்த வீச்சு எண்ணிக்கையான பாரைவிட இரண்டு குறைவு. சற்றுப் பிந்தி அதே குழிக்கு வந்தவர் செவே பலஸ்தேரோஸ். அப்போது முன்னணியில் இருந்தவர் அவர்தான். ஏறத்தாழ அதே தூரம், அதே 4ஆம் இலக்க அயன். உயிரில்லாத ஒரு வீச்சு. பந்து தாழ்ந்து இடப்பக்கமாகப் போய்க் குளத்தில் விழுந்தது. பாரைவிட ஒரு வீச்சு கூடுதல்: போகி.

ஒகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த இரண்டு வீச்சுகளும் கட்டாயம் வரும். நிக்லஸின் ஆறாவது பட்டம் அங்கேதான் கிடைத்தது என்று சொல்வோரும் உண்டு. எமக்கு அதில் உடன்பாடில்லை. 15இல் இருவரும் ஒரே துணிச்சலைத்தான் காட்டினார்கள். ஒருவருக்குப் பட்டது, மற்றவருக்குப் படவில்லை. அதிலிருந்து கற்பதற்கு அதிகம் இல்லை. அதே சுற்றில் 12ஆம் குழியில் நிக்லஸ் எடுத்த போகியைத்தான் இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. யாரும் கைதட்டாத அந்த நான்கு வீச்சுகளில்தான், ஒரே திடலில் ஒருவர் ஆறு தடவை எப்படி வெல்கிறார் என்பதற்கான விடை கிடக்கிறது.

கணக்கு

நிக்லஸுக்கு ஆறு: 1963, 1965, 1966, 1972, 1975, 1986. டைகர் வூட்ஸுக்கு ஐந்து: 1997, 2001, 2002, 2005, 2019. ஆர்னோல்ட் பாமருக்கு நான்கு: 1958, 1960, 1962, 1964, ஓராண்டு விட்டு ஓராண்டாக. மூன்று பட்டம் எடுத்தவர்கள் ஐவர்: ஜிம்மி டெமரே, சாம் ஸ்னீட், காரி பிளேயர், நிக் ஃபால்டோ, ஃபில் மிக்கல்சன்.

ஆறு என்ற எண்ணிக்கை கோல்ஃபின் பெரும் போட்டிகளில் இன்னொரு இடத்திலும் உண்டு. பிரித்தானிய ஓப்பனை ஹரி வார்டன் 1896இலிருந்து 1914 வரை ஆறு தடவை வென்றார். ஆனால் அவர் அவற்றை மியூர்ஃபீல்ட், பிரெஸ்ட்விக், சான்ட்விச் என்று மூன்று திடல்களில் எடுத்தார். பீஜீஏ போட்டியில் வோல்டர் ஹேகனும் நிக்லஸும் ஐந்து ஐந்து. யூஎஸ் ஓப்பனில் வில்லி அண்டர்சன், பொபி ஜோன்ஸ், பென் ஹோகன், நிக்லஸ் ஆகிய நால்வரும் நான்கு நான்கு. இந்த மூன்று போட்டிகளும் ஊர் மாறி ஊர் நடப்பவை. மாஸ்டர்ஸ் மட்டும் 1934இலிருந்து ஒரே மண்ணில் நடக்கிறது. வென்றவருக்கு வாழ்நாள் முழுதும் அழைப்பும் உண்டு. ஆகவே இங்கே ஒருவர் சேர்க்கும் அனுபவம் வீண்போவதில்லை, வட்டியோடு சேர்கிறது.

அந்த வட்டி எவ்வளவு என்று பார்க்க நிக்லஸின் 1998ஆம் ஆண்டு போதும்: 58 வயதில், தன்னைவிட முப்பது வயது இளையவர்களோடு ஆடி ஆறாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். பேர்ன்ஹார்ட் லாங்கர் 2020இலும், ஃப்ரெட் கப்பிள்ஸ் 2023இலும், இருவரும் 63 வயதில், முதல் இரண்டு நாள் வடிகட்டலைத் தாண்டினார்கள். முதல் வீச்சில் இளையவர்களுக்குப் பல பத்து யார் பின்னால் நிற்கும் ஆட்கள் இவர்கள். வேறு பெரும் போட்டிகளில் இந்த வயதுக்காரர் இப்படி அடிக்கடி தலைகாட்டுவதில்லை.

திடல் என்ன கேட்கிறது

12ஆம் குழிக்கு கோல்டன் பெல் என்று பெயர். திடலாகும் முன் அந்த நிலம் செடி வளர்ப்புப் பண்ணையாக இருந்ததால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடியின் பெயர். பார் 3. தூரம் 155 யார். மற்றக் குழிகளில் பலவற்றை நீட்டிக்கொண்டே போகிறார்கள், இதன் தூரத்தைத் தொடவில்லை. தொடத் தேவையும் இல்லை.

கிறீன் அகலமாகவும் ஆழமில்லாமலும் கிடக்கிறது. சில இடங்களில் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்குப் பத்து எட்டுத்தான். முன்னால் ரேஸ் கிறீக் என்ற ஓடை. ஓடைக்கும் கிறீனுக்கும் இடையிலான சரிவில் புல்லை ஒட்ட வெட்டியிருப்பார்கள். சரிவில் விழும் பந்து நிற்காது, உருண்டு தண்ணீருக்கே திரும்பும். கிறீனுக்கு முன் ஒரு பங்கர் (மணற்பள்ளம்), பின்னால் இரண்டு.

இதன் விஷமம் கோணத்தில் இருக்கிறது. கிறீன் நேராகக் கிடக்கவில்லை. இடப்பக்கம் நமக்குக் கிட்டவும் வலப்பக்கம் எட்டவும் சாய்வாகக் கிடக்கிறது. வலக்கை ஆட்டக்காரர் பந்தை வலப்பக்கம் நழுவவிட்டால், அயனின் முகம் திறந்து பந்து உயர்ந்து தூரம் குறையும். அதாவது, தூரம் கூடுதலாகத் தேவைப்படும் பக்கத்திலேயே பந்து குறைந்து போகிறது. இடப்பக்கம் இழுத்துவிட்டால் முகம் மூடிப் பந்து கூடுதலாகப் போகும்; அங்கே கிறீன் கிட்ட இருப்பதால் பந்து தாண்டிப் போய்ப் பின்பங்கரிலோ செடிக்குள்ளோ கிடக்கும். இரண்டும் தவறுதான். ஆனால் ஒன்று ஈரத் தவறு, மற்றது காய்ந்த தவறு. கடைசி நாளில் கொடியை வழக்கமாக வலப்பக்கம் நடுவதும் தற்செயல் இல்லை.

இடக்கை ஆட்டக்காரருக்கு இதே கோணம் சாதகமாகத் திரும்புகிறது. அவர் இழுத்தால் பந்து வலப்பக்கம் கூடுதலாகப் போகும், அங்கே கிறீனும் எட்டத்தான் இருக்கிறது. 2003இலிருந்து 2014 வரையான 12 போட்டிகளில் ஆறை இடக்கைக்காரர்கள் வென்றார்கள்: மைக் வியர் ஒன்று, மிக்கல்சன் மூன்று, பபா வொட்சன் இரண்டு. முழுக் காரணமும் 12ஆம் குழிதான் என்று சொல்ல வரவில்லை. இடப்பக்கம் வளையும் 13ஆம் குழி போன்றவையும் அவர்களின் இயல்பான வளைவுக்கு ஒத்துப்போகின்றன.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயர்ந்த பைன் மரங்களுக்கு நடுவே ஓடை ஓடும் பள்ளம் அது. 11ஆம் கொடி ஒரு திசையிலும் 12ஆம் கொடி இன்னொரு திசையிலும் பறப்பதைத் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம். எந்த அயன் என்று முடிவெடுத்து நின்ற பிறகும் காற்று மாறும். அதனால்தான் அங்கே 9ஆம் இலக்கமும், அதைவிடத் தூரம் போகும் 7ஆம் இலக்கமும் ஒரே நாளில் சரியான விடையாக முடியும்.

15ஆம் குழியின் தந்திரம் வேறு. பார் 5, இரண்டாம் வீச்சிலேயே கிறீனை எட்டலாம். குளத்துக்கு முன்னால் பந்தை நிறுத்தி மூன்றாவதை வெட்ஜால் (பந்தை உயர்த்திக் கிட்டத் தூரத்துக்கு அடிக்கும் கோலால்) அடிப்பது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அந்த இடம் குளத்தை நோக்கிச் சரிகிறது. இறக்கத்தில் நிற்கும் பந்துக்கு வெட்ஜின் சாய்வு பாதி தொலைந்துவிடும். பந்து தாழப் பறந்து கிறீனில் நிற்காமல் பின்னால் ஓடும். அதைத் தூக்கிவிட முயன்றால் அயன் பந்துக்கு முன் மண்ணைத் தொடும், பந்து குளத்துக்குள். வெறும் 80, 90 யாரிலிருந்து உலகத் தரமானவர்கள் தண்ணீரில் போடுவது இதனால்தான்.

16ஆம் குழி மட்டும், தெரிந்தவருக்குப் பரிசு கொடுக்கும் குழி. 170 யார், பார் 3, இடப்பக்கம் குளம். கடைசி நாள் கொடி இடப்பக்கத் தாழ்வில் இருக்கும். கொடியை நேரே பார்த்து அடித்தால் குளத்தோடு விளையாட வேண்டும். கொடிக்கு வலப்பக்கம் மேட்டில் விழுத்தினால் சரிவே பந்தைக் கொடியடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

1986: பன்னிரண்டில் ஒரு போகி

நிக்லஸ் அந்த ஆண்டு 74, 71, 69 என்று ஆடி, கடைசி நாளைக் கிறெக் நோர்மனுக்கு நான்கு வீச்சு பின்னால் தொடங்கினார். வயது 46. கையில் மெக்கிரெகர் நிறுவனத்தின் ரெஸ்பொன்ஸ் ஸெட்டீ என்ற பெரிய தலைப் பட்டர், அதாவது பட் அடிக்கும் கோல். பார்ப்பதற்கு வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் தலை அகன்றிருப்பதால் பந்து நடுவில் படாவிட்டாலும் முகம் அதிகம் திரும்பாது, நீண்ட பட்டுகளில் தூரம் குறையாது. மூன்று பட் எடுக்காமல் தப்புவதற்கு அதுவே பாதி வேலை.

9, 10, 11 என்று தொடர்ந்து மூன்று பேர்டி (பாரைவிட ஒன்று குறைவு). 11 முடிந்தபோது அவர் பார் கணக்கில் ஐந்து குறைவு. கூட்டம் எழும்பிவிட்டது. அந்த வேகத்தில் 12ஆம் குழிக்கு வரும் எவருக்கும் கொடியைப் பார்க்கத் தோன்றும். நிக்லஸ் 7ஆம் இலக்க அயனால் அடித்த பந்து இடப்பக்கம் தவறியது. சிப் என்ற சிறு வீச்சு அடித்து ஆறேழு அடிக்குள் கொண்டுவந்தார். பட் ஒரு சப்பாத்து ஆணித் தடத்தில் பட்டு விலகியது. அந்தக் காலத்தில் ஆணித் தடத்தைச் சரிசெய்ய விதி அனுமதிக்கவில்லை. 2019இல்தான் அனுமதி வந்தது. நான்கு வீச்சு, போகி.

ஒன்று இழந்தார், அவ்வளவுதான். அதே அளவு தவறு வலப்பக்கம் போயிருந்தால் தண்டனை வீச்சு ஒன்று, ஓடைக்கு இப்பாலிருந்து மறுபடி ஒரு வெட்ஜ், பிறகு இரண்டு பட்: ஐந்து. அந்த வெட்ஜும் இலகுவானதல்ல. அவர் கடைசியில் வென்றது ஒரேயொரு வீச்சு வித்தியாசத்தில். 279 எடுத்தார், நோர்மனும் டொம் கைட்டும் 280. பன்னிரண்டில் ஒரு வீச்சு கூடுதலாகப் போயிருந்தால் பட்டத்தை முடிவுசெய்யக் கூடுதல் ஆட்டம் தேவைப்பட்டிருக்கும்.

12ஆம் குழியில் கொடி எங்கே நின்றாலும் முன்பங்கருக்கு மேலாகக் கிறீனின் நடுவைத்தான் குறிவைப்பேன் என்று நிக்லஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். குறி நடுவில் இருந்தால் தவறு இரண்டு பக்கமும் பிரியும். குறி வலப்பக்கக் கொடியில் இருந்தால் தவறில் பாதி ஓடைக்குத்தான்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்தது. 13இல் பேர்டி, 14இல் பார், 15இல் அந்த ஈகிள். 16இல் 5ஆம் இலக்க அயனால் அடித்த பந்து சரிவைப் பிடித்து இறங்கிக் கொடிக்கு மூன்றடியில் வந்து நின்றது, பேர்டி. 17இலும் பேர்டி. 18இல் அவருடைய இரண்டாம் வீச்சு கிறீனின் கீழ்த்தட்டிலேயே நின்றுவிட்டது, கொடி மேல்தட்டில். சுமார் 40 அடி ஏற்றமான பட்டைக் கொடியை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்திப் பார் எடுத்தார். பின் ஒன்பது குழிகள் 30 வீச்சில் முடிந்தன, சுற்று 65இல்.

நோர்மன் 14இலிருந்து 17 வரை நான்கு பேர்டி எடுத்து நிக்லஸைப் பிடித்துவிட்டார். 18இல் பெயார்வேயிலிருந்து (கிறீனுக்குப் போகும் குட்டைப் புல் பாதையிலிருந்து) 4ஆம் இலக்க அயன், வலப்பக்கம் தள்ளிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் போனது. போகி.

2019: ஆறு பேரில் நால்வர்

புயல் மழை வருமென்று 2019 கடைசிச் சுற்றைக் காலையிலேயே, மூவர் மூவராக அனுப்பினார்கள். ஏப்ரல் 14. அதனால் கொழும்பில் விடிய விடிய விழித்திருக்க வேண்டி வரவில்லை. புத்தாண்டுப் பலகாரத் தட்டு காலியாகும் முன், நள்ளிரவை அண்டி ஆட்டம் முடிந்தது.

பிரான்செஸ்கோ மொலினாரி முன்னணியில். டைகர் வூட்ஸும் டோனி ஃபினாவும் இரண்டு வீச்சு பின்னால். மூவரும் ஒரே குழு. அவர்களுக்கு முன்னால் போன குழுவில் புறூக்ஸ் கெப்கா, இயன் போல்டர், வெப் சிம்சன். இந்த ஆறு பேரும் 12ஆம் குழியில் செய்ததை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் போதும். கெப்கா தண்ணீரில். போல்டர் தண்ணீரில். பிறகு மொலினாரி 8ஆம் இலக்க அயனால் அடித்தது சரிவில் பட்டு உருண்டு ஓடைக்குள் இறங்கியது. வூட்ஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வூட்ஸ் 9ஆம் இலக்க அயனை எடுத்துக் கொடிக்கு நல்ல இடைவெளி விட்டு, இடப்பக்கமாகப் பங்கருக்கு மேலே அடித்தார். பந்து கிறீனில் விழுந்தது. பேர்டிக்கு எட்டாத தூரம். அவருக்குப் பின் அடித்த ஃபினாவும் தண்ணீரில் போட்டார். வூட்ஸ் பாலத்தைக் கடந்து போய் இரண்டு பட்டில் பார் எடுத்தார். மொலினாரிக்கு ஐந்து. இரண்டு வீச்சு இடைவெளி அந்த ஒரே குழியில் காணாமல் போனது. வூட்ஸ் அங்கே பேர்டி எடுக்கவில்லை, எடுக்க முயலவுமில்லை.

15இல் மொலினாரியின் மூன்றாம் வீச்சு மரக்கிளையில் பட்டுக் குளத்தில் விழுந்தது, ஏழு. வூட்ஸ் இரண்டாவதிலேயே கிறீனுக்குப் போய் இரண்டு பட்டில் பேர்டி. 16இல் 8ஆம் இலக்க அயன், நிக்லஸ் பிடித்த அதே சரிவு, பந்து கொடியை உரசிப் போவதுபோல் இறங்கி ஒட்டி நின்றது. இன்னொரு பேர்டி. 18ஆம் குழிக்கு இரண்டு வீச்சு முன்னணியோடு வந்தவர், வலப்பக்கம் தவறி, இரண்டாவதைக் கிறீனுக்கு முன்னாலேயே விட்டு, போகியோடு முடித்தார். ஒன்று போதும் என்று தெரிந்தவரின் போகி அது. 275; டஸ்டின் ஜோன்சன், சண்டர் ஷோஃபலே, கெப்கா மூவரும் ஒரு வீச்சு பின்னால். வூட்ஸுக்கு 43 வயது, முதுகெலும்பை இணைத்த சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டு. நான்காவது பட்டத்துக்கும் ஐந்தாவதுக்கும் இடையே 14 ஆண்டு. மாஸ்டர்ஸில் அவ்வளவு இடைவெளி விட்டு எவரும் திரும்ப வென்றதில்லை.

ஒத்துவராத சான்றுகள்

பாமரின் முதல் பட்டம் எங்கள் வாதத்துக்கு ஒத்துவருகிறது. 1958 கடைசி நாள் 12இல் அவருடைய பந்து கிறீனைத் தாண்டி, மழையில் நனைந்த பின்மேட்டில் புதைந்தது. புதைந்த பந்தைத் தண்டனையில்லாமல் எடுக்கலாமா என்று நடுவரோடு வாக்குவாதம். இரண்டு பந்து ஆடினார்: ஒன்றுக்கு ஐந்து, மற்றதுக்கு மூன்று. மேலிடம் மூன்றை ஏற்றது. ஒரு வீச்சில் வென்றார். தவறு பின்பக்கம் போனதால்தான் அப்படியொரு வாக்குவாதத்துக்கே இடம் வந்தது. ஓடைக்குள் போன பந்துக்கு யாரும் வாதாடுவதில்லை.

1961 ஒத்துவராது. 18இல் நான்கு எடுத்தால் பாமருக்குப் பட்டம். பெயார்வேயில் நின்றபோது தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். அத்தோடு கவனம் போய்விட்டது என்று பின்னாளில் பாமரே சொல்லியிருக்கிறார். வலப்பக்கப் பங்கர், அங்கிருந்து கிறீனைத் தாண்டிப் பின்னால், கடைசியில் ஆறு. பட்டம் காரி பிளேயருக்கு. இத்தனைக்கும் தண்ணீரே இல்லாத குழி அது. எங்கே தவறவிடுவது என்ற அறிவு, அடிப்பவரின் மனம் அங்கே இருந்தால்தான் உதவும்.

வூட்ஸ் விஷயம் இன்னும் மோசம். 2019இல் அவ்வளவு பக்குவமாகக் கடந்த 12ஆம் குழியில், அடுத்த போட்டியான 2020 நவம்பரில், மூன்று பந்தை ஓடைக்குள் போட்டு 10 எடுத்தார். அவருடைய தொழில்முறை வாழ்க்கையில் ஒரு குழியில் எடுத்த ஆகக் கூடிய எண்ணிக்கை அது. பிறகு கடைசி ஆறு குழிகளில் ஐந்தில் பேர்டி எடுத்தார் என்பது வேறு கதை. ஃப்ரெட் கப்பிள்ஸுக்கு 1992இல் எதிர்மாறாக நடந்தது: அதே சரிவில் விழுந்த பந்து, உருள வேண்டியது, ஏனோ புல்லில் தொங்கிக்கொண்டு நின்றது. பார் எடுத்தார், பட்டமும் எடுத்தார். அதிர்ஷ்டத்துக்கு ஒரு பங்கு கொடுக்காமல் இந்தக் கணக்கை முடிக்க இயலாது.

ஆனால் 1996ஐப் பாருங்கள். நோர்மன் ஆறு வீச்சு முன்னணியோடு கடைசி நாளுக்கு வந்தார். 12இல் வலப்பக்கம், தண்ணீர், ஐந்து. 16இல் இடப்பக்கம் இழுத்துத் தண்ணீர், ஐந்து. மொத்தம் 78. கூட ஆடிய ஃபால்டோ 67 எடுத்துத் தன் மூன்றாவது பட்டத்தைக் கொண்டுபோனார். 2016இல் ஜோர்டான் ஸ்பீத் பின் ஒன்பதுக்கு ஐந்து வீச்சு முன்னணியோடு திரும்பி, 12இல் இரண்டு பந்தைத் தண்ணீரில் போட்டு ஏழு எடுத்தார்.

திடலை மாற்றினாலும் தெரிந்தவர்கள் தெரிந்தவர்களே. நிக்லஸின் முதல் ஐந்து பட்டங்களும் கிறீனில் பெர்மியூடா புல் இருந்த காலத்தவை. 1981இலிருந்து அங்கே பென்ட் புல், வேகம் கூடிவிட்டது. ஆறாவதை அதன்மேல் எடுத்தார். வூட்ஸ் 1997இல் 12 வீச்சு வித்தியாசத்தில் வென்ற பிறகு, 6,925 யார் திடலை 2002க்குள் 7,270 ஆக்கினார்கள். அந்த நீட்டிய திடலிலும் 2002இல் வென்றவர் வூட்ஸ்தான்!

கெடியின் பங்கு

பட்டியலில் பெயர் வராதவர்கள் கெடிகள், அதாவது ஆட்டக்காரரின் பையைத் தூக்கி ஆலோசனை சொல்பவர்கள். 1982 வரை மாஸ்டர்ஸில் ஆடுவோர் ஒகஸ்டா கழகத்தின் கெடிகளைத்தான் எடுக்க வேண்டும். சொந்தக் கெடியைக் கொண்டுவரும் அனுமதி 1983இல்தான் வந்தது. நிக்லஸின் முதல் ஐந்து பட்டங்களுக்கும் பையைத் தூக்கியவர் வில்லி பீட்டர்சன். பாமரின் நான்குக்கும் நதானியல் ஏவரி. இருவரும் அந்தத் திடலிலேயே வேலை செய்த கறுப்பினத்தவர்கள். எந்தச் சரிவில் பந்து எவ்வளவு ஓடும் என்பது அவர்களுக்குக் காலடியில் தெரியும். நிக்லஸின் ஆறாவதுக்கு மகன் ஜக்கி பையைத் தூக்கினார். அதற்குள் தந்தைக்கே திடல் மனப்பாடமாகிவிட்டது.  

கொழும்பில் இதை எப்படிப் பயன்படுத்துவது

றோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879இல் தொடங்கியது. காலிமுகத்திடலில் ஆடிய ஆட்டம் பிறகு பொரளைப் பக்கம் றிஜ்வே திடலுக்குப் போனது. களனிவெளி ரயில்பாதை இன்றும் அதன் குறுக்கே ஓடுகிறது. கொழும்பில் ஆடுவோரில் பெரும்பாலானவர்கள் ஆண்டு முழுதும் ஒரே திடலில்தான் ஆடுகிறார்கள். அதாவது உலகத் தரவரிசை ஆட்டக்காரருக்கு ஆண்டில் ஒரு வாரம் கிடைக்கும் வாய்ப்பு இங்கே வாராவாரம் கிடைக்கிறது. பெரும்பாலும் அதை வீணாக்குகிறோம்: எத்தனை எடுத்தோம் என்று மட்டும் எழுதி, எந்தப் பக்கம் போனது என்பதை எழுதாமல்.

புள்ளி அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போட்டால் போதும்: தவறிய பந்து ‘மு’ முன், ‘பி’ பின், ‘இ’ இடம், ‘வ’ வலம். இருபது சுற்று சேர்ந்ததும் பாருங்கள். பொழுதுபோக்கு ஆட்டக்காரரில் பெரும்பாலானோருக்கு ‘மு’ தான் அதிகம் வரும். நல்லாகப் பட்ட ஒரு வீச்சின் தூரத்தை வைத்தே அயனைத் தேர்வதன் விளைவு அது. குறுக்கே தண்ணீர் உள்ள குழியில் அப்படியானவர் ஓர் இலக்கம் குறைந்த, அதாவது கூடுதல் தூரம் போகும் அயனை எடுத்துக் கிறீனின் நடுவைப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். தண்ணீரோரக் கொடியைக் குறிவைத்துப் பத்துத் தடவை அடிக்கிறீர்கள்: இரண்டு பேர்டி, ஐந்து பார், மூன்று தடவை தண்ணீர். தண்ணீர் ஒவ்வொன்றுக்கும் பாருக்கு மேல் இரண்டு. கூட்டினால் பாருக்கு மேல் நான்கு. நடுவைக் குறிவைத்தால் பேர்டியே இல்லை, எட்டுப் பார், இரண்டு போகி: பாருக்கு மேல் இரண்டு. பேர்டி எடுத்த ஞாபகம் நிற்கும், தண்ணீரில் போட்ட ஞாபகம் மங்கும். ஆகவே மனம் முதல் வழியையே சொல்லும். எல்லைக்கு வெளியே போகும் பந்து தண்ணீரைவிட மோசம்: தண்டனை வீச்சும் போய், முன்பு அடித்த இடத்துக்கே திரும்பியும் போக வேண்டும்.

எங்கள் காலநிலைக்கு மூன்று திருத்தம். ஈரக்காற்று கனமானது, பந்து போகாது என்பது தவறு. நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது, வெப்பமும் சேர்ந்தால் பந்து ஒரு சொட்டுக் கூடுதலாகவே பறக்கும். குறைவது தரையில் உருளும் தூரம்: மழைக்குப் பின் பெயார்வேயில் பந்து விழுந்த இடத்திலேயே குந்திவிடும். அயன் முகத்துக்கும் பந்துக்கும் இடையே தண்ணீர் நின்றால் சுழற்சி குறைந்து கிறீனில் நிற்காமல் ஓடும்; ஒவ்வொரு வீச்சுக்கும் முன் முகத்தின் கோடுகளைத் துடைக்க ஒரு துணி, வியர்வைக் கைக்கு இன்னொரு துணி, மாற்றுக் கையுறை ஒன்று. புதைந்த பந்துக்குப் பாமர் பட்ட பாடு இன்று வேண்டாம்: 2019 விதிப்படி, மணல் தவிர்ந்த பொதுப் பகுதியில் பந்து தான் விழுந்த குழியிலேயே புதைந்திருந்தால் தண்டனையில்லாமல் எடுத்துத் துடைத்து விழுத்தலாம்.

பென்ட் குளிர்நாட்டுப் புல். எங்கள் சூட்டில் வளர்வது வேறு வகை, அதற்குச் சாயும் திசை உண்டு. கொடிப் பக்கம் பார்த்தால் புல் பளபளத்தால் உங்களிடமிருந்து அப்பால் சாய்ந்திருக்கிறது, பட் வேகமாகப் போகும். இருண்டு தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கூடுதலாகத் தட்ட வேண்டும். குழியின் விளிம்பைப் பாருங்கள்: புல் கிழிந்து பழுப்பாகத் தெரியும் பக்கத்தை நோக்கித்தான் சாய்வு.

இவை எல்லாம் திடலிலேயே வளர்ந்த கெடிக்குத் தெரியும். “சேர், கொடியைப் பார்க்க வேண்டாம், பங்கருக்கு நேரே அடியுங்கோ” என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்பதை கிறீனுக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளலாம்.